உச்சியில் பூசக் கூடாது

மொட்டை அடிக்கும்போது நித்திலா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, கத்தி நனைக்கும் கிண்ணத்தையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் அப்பியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அரிக்கிறது என்று பாதியை மாமன் சட்டையில் தேய்த்தாள். அவள் படுத்திய பாட்டில் மீதியை அம்மா செண்பகவல்லியே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். கோயிலிலிருந்து வண்டி நின்ற இடத்துக்கு அரை மணி நடை. பகல் பன்னிரண்டு மணி, அன்றைய வெயில் எண் பதினைந்து, பத்தைத் தாண்டினாலே ஆபத்து. அம்மா தலைக்குக் குடை இருந்தது, அப்பா தலையில் துண்டு இருந்தது, பிள்ளை தலையில் ஒன்றும் இல்லை. உயிர்ப்பூச்சு உள்ள பிள்ளையை வெயில் என்ன செய்துவிடப் போகிறது என்று எல்லாரையும் போலத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

சாயங்காலம் பார்த்தால், அந்த மொட்டையின் நடுவில் பூரி அளவுக்கு ஒரு வட்டம் செக்கச் செவேலென்று சிவந்து, ஓரமெல்லாம் கொப்புளம் கட்டியிருந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லை. நெற்றி, காது, பிடரி எல்லாம் எப்போதும் போல இருந்தன. இரண்டரை வயதுப் பிள்ளை, வலியை எங்கே என்று சொல்லத் தெரியாமல், காதைப் பிடித்துக்கொண்டு அழுதது. செண்பகம் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள், கூடவே தானும் அழுதாள்.

பூச்சுக்கு முந்தைய காலத்து வெயிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் வெளியே வருகிற பிள்ளை அரை மணியில் வெந்துவிடும். களிம்பு இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தரம் பூச வேண்டும். ஓடியாடி வியர்த்தால் பூசியதும் போச்சு. ஒரு தலைமுறையே ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து வளர்ந்தது. செண்பகமும் அந்த ஜன்னல் பிள்ளைகளில் ஒருத்திதான்.

அப்புறம்தான் உயிர்ப்பூச்சு வந்தது. ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்கு ஒரே ஒரு தரம் பூசினால் போதும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தோலில் குடியேறி, வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் தின்று வாழும். வெயிலை உள்ளே விடாது. குளித்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது, ஆயுசுக்கும் கூடவே இருக்கும். அது வந்த பிறகு பட்டப்பகலில் பிள்ளைகள் கடற்கரையில் மணல் அளைந்தார்கள். அதைப் பார்த்துக் கண் கலங்காத பெற்றவர்கள் அந்த ஊரில் கிடையாது.

அப்பேர்ப்பட்ட பூச்சு இருந்தும் பிள்ளை தலை வெந்தது எப்படி? மறுநாள் காலையில் செண்பகம் நித்திலாவைத் தூக்கிக்கொண்டு பூச்சு மையத்துக்கு ஓடினாள்.

மையத்தில் ஜெசிந்தா இருந்தாள். செண்பகத்தைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முன்பு தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தவள், அதனால் எதற்கும் பதறமாட்டாள். காயத்தைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, பிள்ளையை இருட்டறைக்குள் கொண்டுபோய் நீல விளக்கைப் போட்டாள். அந்த விளக்கில் பூச்சு உள்ள இடமெல்லாம் மை போலக் கறுப்பாகத் தெரியும். நித்திலா உச்சந்தலைக்குக் கீழே முழுக்கக் கறுப்பாக இருந்தாள். உச்சியில் மட்டும் வட்டமாக வெள்ளை.

அந்த இடத்தில் பூச்சே இல்லையே என்று செண்பகம் கேட்டாள். ஜெசிந்தா அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"பூசக் கூடாதுன்னுதானட்டி போட்டுருக்கு. ஒனக்குத் தெரியாதா? நீயும் பக்கத்துலதான நின்ன."

சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. இரண்டரை வருஷமாக எல்லா மையத்திலும் ஒட்டியிருக்கிற தாள். கை கழுவவும், முழங்கைக்கு உள்பக்கம் முதலில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்கவும், கண்ணில் படாமல் பூசவும் என்று வரிசையாகப் போய், ஐந்தாவது வரியில், கொட்டை எழுத்தில்: உச்சியில் பூசக் கூடாது.

செண்பகம் சுவரருகே போய் அதை மறுபடி படித்தாள். அந்த வரியை எழுதியது அவள்தான்.

மருந்துத் தாள்களைத் தமிழாக்குவது அவளுடைய பிழைப்பு. மாத்திரை டப்பாவுக்குள் நாலாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கிப்போடுவார்களே, அந்தத் தாள்கள். உயிர்ப்பூச்சின் தாளும் அவளிடம்தான் வந்தது. நடுப்பகலில் பூசாதீர்கள், நுண்ணுயிர் தோலில் ஊன்றுவதற்கு முன் கடும் வெயில் பட்டால் செத்துவிடும் என்பதுதான் ஆங்கில மூலத்தில் இருந்த விஷயம். 'உச்சி வேளையில் பூசக் கூடாது' என்று அழகாகத்தான் எழுதியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையால் வரி நீண்டு அடுத்த வரிக்கு வழிகிறது, குறைக்க முடியுமா என்று அச்சுக்கூடத்திலிருந்து கேட்டார்கள். அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியாத நேரம். 'வேளை'யை வெட்டி எறிந்தாள். உச்சி என்றால் உச்சிவெயில்தானே, வேறென்ன.

பிள்ளை பெறாதவளுக்கு உச்சி என்றால் வெயில். பெற்றவளுக்கு உச்சி என்றால் பிள்ளையின் தலை. நித்திலாவுக்கு ஆறு மாதம் நிறைந்து இதே மையத்தில் பூசியபோது, ஜெசிந்தா உச்சியை மட்டும் விட்டுவிட்டுப் பூசினாள். செண்பகம் பக்கத்தில் நின்று பார்த்தாள். உச்சிக்குழி இன்னும் மூடவில்லையே, அதற்காகத்தான் இருக்கும் என்று அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. தான் எழுதிய வரியைத் தானே தப்பாகப் படித்துத் தலையாட்டியிருக்கிறாள். அவளே அப்படி என்றால் மற்றவர்களைக் கேட்பானேன். தமிழ்த் தாளைப் படித்துப் பூசிய மையங்களில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. இரண்டரை லட்சம் பிள்ளைகளுக்கு உச்சி திறந்து கிடந்தது. இதுவரை முடி மறைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இனி ஒவ்வொன்றாக மொட்டைக்கு வரும்.

அவள் கணவன் ராஜபாண்டி துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன், சாந்தமான ஆள். தாளில் உன் பேரா போட்டிருக்கிறது, பேசாமல் இரு, மொட்டை போட்டால் தொப்பி வைக்கச் சொல்லி பூச்சுக்காரர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்றான். அவள் கேட்கவில்லை. அன்றைக்கே பூச்சு நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள். தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதினாள்.

மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் டாக்டர் மெஹருன்னிசா. உயிர்ப்பூச்சை உருவாக்கிய குழுவில் இருந்தவர், சொந்த ஊர் வாணியம்பாடி. சண்டை போடுவார் என்று செண்பகம் நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவரோ வேறு ஒன்று கேட்டார்.

"ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. குழந்தையை மோந்து பார்ப்பீங்களா?"

இதென்ன கேள்வி என்றிருந்தது செண்பகத்துக்கு. பார்ப்பேன் என்றாள். எங்கே என்று கேட்டார். உச்சியில்தான் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. பிள்ளையின் கழுத்தில் வாசனை கிடையாது. வயிற்றில் கிடையாது, உள்ளங்காலில் கிடையாது, கழுவி வைத்த டம்ளர் மாதிரி ஒன்றுமே இருக்காது. தினமும் தூக்கியதும் அவள் மூக்கு தானாக உச்சிக்குப் போய்விடும். கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் பால், கொஞ்சம் நமுத்த பிஸ்கட். பிரமாதமான வாசனை என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு நூறு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்தினாலும் அவள் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவாள்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். பூச்சு தின்பதே அந்த வியர்வையையும் பசையையும்தான். வாசனை போகும் என்று குழுவுக்குத் தெரியும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பூச்சு போன மற்ற ஊர்களிலெல்லாம் ஏழில் ஒரு தாய் மையத்துக்குத் திரும்பி வருகிறாள். பிள்ளை மடியில் இருக்கிறது, பால் குடிக்கிறது, சிரிக்கிறது, ஆனாலும் வேறு யாருடைய பிள்ளையையோ பார்த்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். மனசு சரியில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

"தமிழ்த் தாள் போன இடத்துல மட்டும் அப்படி யாருமே வரலை. ஒரு வருஷமா காரணம் தேடறோம். சாப்பாடா, தண்ணியா, கூட்டுக் குடும்பமான்னு என்னென்னவோ பார்த்தோம். உங்க கடிதத்தைப் படிச்ச அப்புறம்தான் புரிஞ்சது. நீங்க ஒரு இடத்தை விட்டு வச்சிருக்கீங்க."

தான் விடவில்லை, அது தப்பாகப் போய்விட்டது என்று செண்பகம் சொல்லப் பார்த்தாள். கடைசியில், இனி என்ன செய்வது என்றுதான் கேட்டாள். டாக்டர் நிலவரத்தைச் சொன்னார். தாளைத் திருத்தி, விட்டுப்போன உச்சிகளுக்கெல்லாம் பூசி முடிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் முடிவு. மூன்று வாரத்தில் தானே தூத்துக்குடி வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை உச்சியை வெயிலில் காட்டாதீர்கள் என்று சொல்லி வைத்தார்.

மூன்று வாரம் தள்ள வேண்டும். காயம் ஆறியதும் செண்பகம் பழைய களிம்பு தேடிப் போனாள். ஜெசிந்தா உள்ளே இருந்த அலமாரியிலிருந்து நாலைந்தை எடுத்துப் பரப்பினாள். ஒன்றின் மேல் கார்ட்டூன் யானை சிரித்தது. ஒன்றில் ஸ்ட்ராபெர்ரி வாசனை. ஒன்று தெளிப்பான். செண்பகம் எதற்கும் முன்பக்கத்தைப் பார்க்கிறவள் இல்லை, அவள் தொழிலே பின்பக்கம்தான். தெளிப்பானை முதலில் ஒதுக்கினாள், பிள்ளை மூச்சில் போய்விடும். ஸ்ட்ராபெர்ரி போனது, வாசனைக்குப் போடுகிற சரக்கு ஆறிய தோலில் அரிக்கும். யானை டப்பாவில் இருந்தது தோலுக்குள் ஊறுகிற ரசாயனம், அதுவும் போனது. கடைசியில் நின்றது ஒரு மொட்டையான வெள்ளை டப்பா, படமும் இல்லை பகட்டும் இல்லை. துத்தநாகக் களிம்பு, தோலுக்கு மேலேயே உட்கார்ந்து வெயிலின் இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும், காப்பு எண் ஐம்பது. நித்திலாவின் முழங்கை உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பார்த்தாள். தடிக்கவில்லை.

அதைப் பூசினால் நித்திலாவின் உச்சி சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. சாமியார் என்று ராஜபாண்டி கூப்பிட்டான். மேலே துணித் தொப்பி. இரண்டு மணிக்கு ஒரு தரம் தொப்பியைக் கழற்றித் துடைத்துப் பூச வேண்டும், நெல்லிக்காய் அளவு எடுக்க வேண்டும், பிள்ளை கடலில் இறங்கிவிட்டால் கரை ஏறியதும் மறுபடி. முதல் வாரத்திலேயே செண்பகத்துக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. ஆனாலும் சாயங்காலம் வெந்நீரில் கழுவியதும் அந்த வாசனை அப்படியே திரும்பி வரும். அதை மோந்துவிட்டுத்தான் மறுநாளைக்குத் தெம்பு வந்தது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை, கோபப்பட்டாள். பூச்சுப் புட்டியில் மீதி எடுத்து வைத்திருந்தாள், காயம் ஆறிவிட்டது, ஐந்து நிமிஷ வேலை. செண்பகம் நாளைக் கடத்துவது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வார்டுல நான் பாத்த பிள்ளையள நீ பாக்கலட்டி. சட்டைய கழத்துனா தோலும் சேர்ந்து வரும். மோந்து பாக்கவா பிள்ள பெத்தோம்? உசுரோட இருக்கத்தான பெத்தோம்."

ஜெசிந்தா சொல்வது நியாயம் என்று செண்பகத்துக்கே தெரியும். பூசிவிட்டால் நித்திலா தொப்பியில்லாமல், அம்மா பின்னாலேயே டப்பாவோடு துரத்தாமல், மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் ஓடலாம். பூசிவிட்டால் அந்த வாசனை போனது போனதுதான். இரண்டில் எதைப் பறித்தாலும் பறிப்பது தான்தான் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். மெலிந்த பெண்மணி, நாற்பது வயது இருக்கலாம், பருத்திப் புடவை. நாற்பது பிள்ளைகளை வரிசையாக இருட்டறைக்குள் அழைத்து நீல விளக்கில் பார்த்தார். தாய்மாரிடம் தூக்கம், பால், பசி என்று எல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். கடைசியாக நித்திலாவை உட்கார வைத்தார்கள். தலையில் ஊசி முனை போல முடி முளைத்திருந்தது. களிம்பையெல்லாம் செண்பகம் கழுவிக் கொண்டுவந்திருந்தாள்.

ஜெசிந்தா புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் முதலில் இவளுக்கே பூசிவிடலாம் என்றாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் செண்பகம். "நான் களிம்பே பூசிக்கிடுதேன்."

"நீ வீட்டுல இருக்க, பூசிருவ. உப்பளத்துல நிக்கிறவ ரெண்டு மணிக்கொருக்க ஓடி வந்து பூசுவாளா? அவ பிள்ள வெந்தா பரவாயில்லயா?"

செண்பகம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அந்த ஐந்தாவது வரிக்குப் பதிலாக இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் நிலைத்தது. தெருவில் மூன்று பெண்களிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று ஒவ்வொருத்தி வாயாலும் சொல்லவைத்துக் கேட்டிருந்தாள். அதைச் சத்தமாகப் படித்தாள்.

"நடுப்பகலில் பூசாதீர்கள். பிள்ளையின் உச்சந்தலையிலும் பூசினால் வெயில் பயம் இல்லை, ஆனால் பிள்ளையின் வாசனை போய்விடும், திரும்பி வராது. உச்சந்தலையை விட்டுவிட்டால் வாசனை இருக்கும், ஆனால் அங்கே இரண்டு மணிக்கு ஒரு தரம் துத்தநாகக் களிம்பு பூசித் தொப்பி போட வேண்டும். எது வேண்டும் என்று தாயிடம் கேட்டுவிட்டுப் பூசவும்."

உப்பளத்துக்காரி பூசத்தான் சொல்லுவாள் என்றாள் ஜெசிந்தா, கொஞ்சம் குரல் இறங்கி.

"சொல்லட்டும்க்கா. தெரிஞ்சு சொல்லட்டும். அன்னைக்கு அவளுக்காக ஒருக்கா நான் முடிவு பண்ணிட்டேன், அவளுக்கும் தெரியாம, எனக்கும் தெரியாம. இன்னொருக்கா பண்ண மாட்டேன்."

ஜெசிந்தா புட்டியைத் திருகி மூடினாள். டாக்டர் அந்தத் தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். நிறுவனத்தில் இதற்குச் சண்டை போட வேண்டியிருக்கும், போடுகிறேன் என்றார். அடியில் கையெழுத்துப் போட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். வேலை முடிந்துவிட்டது, எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. நித்திலாவின் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஒரு தடவை மோந்து பார்க்கலாமா?"

செண்பகம் தலையசைத்தாள். டாக்டர் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஆராய்ச்சிக்காக மோந்து பார்க்கிறவர்கள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிமிர்ந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. நித்திலா அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு பையன். சுஹைல், நாலு வயசு ஆகுது," என்றார். "முதல் புட்டி அவனுக்குத்தான். யாரையும் நம்பாம என் கையாலயே பூசினேன். நல்ல பையன். என்னோடயே படுத்துப்பான், என்னைத்தான் தேடுவான். அவன் தூங்கறப்ப பக்கத்துல உட்கார்ந்து, இவன் என் பையன்தானேன்னு பார்த்துட்டே இருப்பேன். டாக்டர் நான், யார்கிட்ட போய்ச் சொல்றது."

உச்சியிலுமா பூசினீர்கள் என்று ஜெசிந்தா கேட்டாள். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டதோ என்னவோ, தலை குனிந்துகொண்டாள்.

"ஒரு இடம் விடலை. நான் இங்கிலீஷ் தாளைத்தானே படிச்சேன்," என்றார் டாக்டர். "அதுல தப்பே இல்லை."

செண்பகம் நித்திலாவைத் தூக்கி அவர் மடியில் உட்கார வைத்தாள்.